பதினைந்து நோயாளிகளும் ஒரு விளக்கும்

காஞ்சீபுரத்தில் இரண்டு விஷயங்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் கிடையாது. ஒன்று, பட்டுப் புடைவையில் ஓடும் ஜரிகையின் தரம். மற்றொன்று, அடுத்த வீட்டுக் குழந்தை என்ன படிக்க வேண்டும் என்பது. முதல் விஷயத்திலாவது கட்சி, பிரதிகட்சி உண்டு. இரண்டாவதில் வாதத்துக்கே இடமில்லை. நன்றாகப் படிக்கிற குழந்தை டாக்டராக வேண்டும், அவ்வளவுதான். கோயில் குருக்கள் வீட்டிலும் இதே பேச்சு. தறிக்காரர் வீட்டிலும் இதே பேச்சு. தேரடியில் பூ விற்கும் அம்மாள் வீட்டிலும் இதே பேச்சு. நீட் பரீட்சை என்று ஒன்று வந்து எத்தனையோ குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்த பிறகுங்கூட அந்த ஆசை இம்மியும் குறையவில்லை.

பெண்கள் பாடசாலை ஒன்றில் இருபது வருஷமாகச் சரித்திரம் போதித்து வருகிறேன். மேல் வகுப்பு மாணவிகளை வருஷந்தோறும் ஒரு பக்கம் எழுதச் சொல்வது என் வழக்கம். "என்ன ஆகப் போகிறாய்? ஏன்?" என்பதே கேள்வி. முதல் கேள்விக்கு வரும் விடை எனக்கு முன்பே தெரியும். ஆகையால் இரண்டாவது கேள்விக்கு வரும் விடையைத்தான் கவனித்துப் படிப்பேன். அதிலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. "ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வேன்" என்று பத்துக்கு எட்டுப் பேர் எழுதி விடுவார்கள். இந்தப் பிரதிக்ஞைகளெல்லாம் நிறைவேறியிருந்தால், எங்கள் ஜில்லாவில் இந்நேரம் வைத்தியர்கள் வரிசையில் நின்று ஏழைகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்! குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் மேடையில் சொல்லிக் கேட்டதை அவர்கள் காகிதத்தில் எழுதுகிறார்கள். ஆனால் பிறருடைய உடம்பைத் தொட்டுத் தொழில் செய்யப் போகிறவர்களுக்கு மனத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடக் கூடிய விஷயமா என்ன?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வேறு விதமாக எழுதியிருந்தாள். அவள் தகப்பனார் கோர்வை நெய்கிறவர். கோர்வை என்பது தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை: புடைவையின் உடலும் கரையும் வெவ்வேறு வர்ணமாயிருந்து, இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்கிற வேலை அது. ஒருவரால் ஆகாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். விடுமுறை நாட்களில் அந்தப் பெண்தான் தகப்பனாருக்குத் துணை. புடைவை விற்கும்போது துணைக்கு உட்கார்ந்தவருடைய பெயரை எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கை ஒரு முறை தவறினால் கரை உடலோடு சேராமல் பிரிந்து போகும்.

அவள் எழுதியதன் சாராம்சம் இது. அவளுடைய ஆயா காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் நினைவாக உள்ள அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். (அண்ணாவும் எங்கள் ஊர்க்காரர், 1969ல் அந்த வியாதியால்தான் காலமானார்.) டாக்டர்கள் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்தார்கள், நல்லவர்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆயா தண்ணீர் வேண்டும் என்று முனகியபோது வந்தவள் ஒரு நர்ஸ். துணி நனைந்து போயிருந்ததைக் கண்டு, ஆயா வெட்கப்படுவதற்கு முன்பே திரையை இழுத்து விட்டு, ஒன்றும் சொல்லாமல் மாற்றினாள். "எனக்கு அந்த நர்ஸ் மாதிரி ஆக வேண்டும்" என்று அந்தப் பெண் முடித்திருந்தாள். ஏழைகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. மறு வாரமே அவள் தாயார் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டீச்சர், நீங்கதான் அவளுக்கு எடுத்துச் சொல்லணும். டாக்டருக்குப் படிக்கிறேன்னா கடனை உடனை வாங்கியாவது படிக்க வெக்கிறோம். நர்ஸுன்னா ராத்திரி வேலை. கண்டவங்க மலமூத்திரம் எடுக்கணும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

அந்த அம்மாள் கெட்டவள் அல்ல. ஊர் நினைப்பதை ஒளிக்காமல் சொல்கிற தைரியம் அவளுக்கு இருந்தது. "யோசித்துச் சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பி வைத்தேன்.

அதே சமயத்தில் எங்கள் ஆசிரியைகள் அறையில் வேறொரு விவாதம் காரசாரமாக நடந்து கொண்டிருந்தது. 2022ஆம் வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி மதுரை வைத்தியக் கலாசாலையில், புதிதாகச் சேர்ந்த மாணாக்கர்களுக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் வைபவம் நடந்தது. வழக்கமான ஹிப்போகிரேட்டஸ் பிரமாணத்துக்குப் பதிலாகச் சரகர் பெயரால் அமைந்த பிரமாணத்தை மாணாக்கர்கள் எடுத்துக் கொண்டார்கள். தேசிய மருத்துவ ஆணையம் அப்போது அந்தப் பிரமாணத்தைச் சிபாரிசு செய்திருந்தது. விருப்பமே தவிரக் கட்டாயமில்லை என்று மத்திய சர்க்கார் சொல்லியும் இருந்தது. மதுரையில் மந்திரிகள் முன்னிலையில் இது நடந்துவிட, கலாசாலைத் தலைவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். சில தினங்களுக்குள் மறுபடி அமர்த்தப்பட்டார். "சுதேசப் பிரமாணம் இருக்கக் கிரேக்கப் பிரமாணம் எதற்கு?" என்று ஒரு கட்சி. "விஞ்ஞானத்துக்குள் சமஸ்கிருதத்தை நுழைக்கப் பார்க்கிறார்கள்" என்று மற்றொரு கட்சி. எங்கள் அறையில் அன்று தேநீர் ஆறிப் போயிற்று.

நானோ சரித்திர ஆசிரியை. இரண்டு பிரமாணங்களையும் மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தேன். படித்த பிறகு எந்தக் கட்சியிலும் சேர முடியாமல் போயிற்று.

சரக சம்ஹிதையில் விமான ஸ்தானம் என்ற பகுதியில், குரு சிஷ்யனை அக்கினி சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இந்த உபதேசம் வருகிறது. தன் உயிருக்கே ஆபத்து வந்தாலும் நோயாளியைக் கைவிடாதே என்கிறார். நோயாளியின் வீட்டுக்குள் போகும்போது தெரிந்தவர் துணையோடு அனுமதி பெற்றுப் போ. அங்கே கண்டதை வெளியே சொல்லாதே. கல்வி இருந்தாலும் அதைப் பற்றி ஜம்பம் அடிக்காதே. இந்த வித்தைக்குக் கரையே கிடையாது, ஆகையால் சத்துருவின் வாயிலிருந்து வந்தாலும் நல்ல வார்த்தையை ஏற்றுக்கொள் என்கிறார். எத்தனை உயர்ந்த போதனை! இதைத் தமிழ் நாட்டுக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. திருவாவடுதுறையில் விக்கிரம சோழன் காலத்துச் சாசனம் ஒன்று, சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்த மாணாக்கர்களுக்கு அன்னமிட ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. ஆனால் அதே சரகர், அரசன் யாரை வெறுக்கிறானோ அவனுக்கு மருந்து கொடுக்காதே என்றும் சொல்லியிருக்கிறார். கணவனோ காப்பாளனோ பக்கத்தில் இல்லாத ஸ்திரீக்கும் சிகிச்சை செய்யாதே என்கிறார்.

ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்கப் பிரமாணம் எப்படி? அது அப்பொல்லோ முதலிய தேவதைகளைச் சாட்சியாக அழைக்கிறது. குருவைப் பெற்றோருக்குச் சமமாக மதிக்கச் சொல்கிறது. நோயாளி வீட்டில் கண்டதைப் பேசாதே என்று அதுவும் சொல்கிறது. அந்த வீட்டிலுள்ளவர் அடிமையாயிருந்தாலும் சுதந்திரராயிருந்தாலும் தகாத எண்ணத்தோடு அவரைத் தீண்டாதே என்று சொல்லும் இடம் என்னைத் திடுக்கிட வைத்தது. ஆனால் வித்தையைக் குருவின் பிள்ளைகளுக்கும், தன் பிள்ளைகளுக்கும், பிரமாணம் செய்த சிஷ்யர்களுக்கும் அன்றி வேறெவருக்கும் கற்பிக்காதே என்று கதவைச் சாத்தியும் விடுகிறது. கடல் கடந்து வாழ்ந்த இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் அறியார். இருந்தும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பாற்றுவதில் இருவரும் ஒரே வார்த்தையைப் பேசுகிறார்கள். கைத்தொலைபேசியைத் தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குள் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற இக்காலத்துக்கு வேறு பிரமாணம் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

ஆனால் பிரமாணம் மட்டும் போதுமா? ஜெர்மனியில் நாஜிகளின் சிறை முகாம்களில் மனிதர்களைப் பரிசோதனைக்கு உபயோகித்தவர்கள் கல்வியற்ற முரடர்கள் அல்லர். 1946ல் நியூரம்பர்க் நகரில் அதற்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட 23 பேரில் 20 பேர் பட்டம் பெற்ற வைத்தியர்கள். அதன் பிறகுதான் உலக மருத்துவச் சங்கம் 1948ல் ஜெனீவாவில் புதிய பிரதிக்ஞை ஒன்றை வகுத்தது. மதம், தேசம், இனம், அரசியல், அந்தஸ்து எதுவும் நோயாளிக்கும் தன் கடமைக்கும் இடையில் வரக்கூடாது என்பது அதன் உயிர். 2017ல் அதைத் திருத்தியபோது, வைத்தியன் தன் ஆரோக்கியத்தையும் பேண வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். யாரோ அனுபவஸ்தர்தான் அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

கணவன் துணையில்லாத ஸ்திரீயைப் பற்றிய சரகரின் விதியைப் படித்தபோது எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்கப் பாதிரி வைத்தியர் ஒருவருடைய மகள் ஐடா ஸ்கடர் அங்கே தகப்பனார் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். இந்தியாவில் நிரந்தரமாக இருக்க அவளுக்கு உத்தேசமே இல்லை. ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி அவளை வேண்டினார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனாரை அழைத்துப் போங்கள்" என்றாள். அந்நிய புருஷன் பார்ப்பதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த மூன்று புருஷர்களும் கொடியவர்கள் அல்லர். இருட்டில் நடந்து வந்து உதவி கேட்டவர்கள். வழக்கம் என்று ஒன்று அவர்கள் காலைக் கட்டியிருந்தது.

ஐடா அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் கற்று 1900ல் திரும்பி வந்ததும், வேலூரில் ஆஸ்பத்திரி எழுப்பியதும் நேயர்கள் அறிந்த கதை. நான் கவனித்தது வேறு. வேலூரில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி 1918ல்தான் ஏற்பட்டது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னதாகவே, 1909ல், நர்ஸுகளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது! டாக்டர்களைத் தயார் செய்வதற்கு முன் நர்ஸுகளைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. கத்தி பிடித்து அறுத்து விட்டுப் போய்விடலாம். அதற்குப் பிறகு இரவெல்லாம் பக்கத்தில் இருப்பது யார்?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஜில்லாவிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. காஞ்சீபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குப் போகும் சாலையில் வாலாஜாபாத்தைத் தாண்டினால் பழைய சீவரம். அங்கே பாலாற்றைக் கடந்தால் அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற இடம். வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது; 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த வருஷ உல்லாசப் பிரயாணத்துக்கு மாணவிகள் மகாபலிபுரம் போக வேண்டும் என்றார்கள். நான் திருமுக்கூடல் என்றேன். முகங்கள் சுருங்கின. "அங்க என்ன டீச்சர் இருக்கு?" என்றாள் ஒருத்தி. "ஆஸ்பத்திரி இருக்கிறது" என்றேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிடம் இப்போது இல்லை. அதன் கணக்கு மட்டும் கல்லில் இருக்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு வேத பாடசாலை, மாணாக்கர்களுக்கு விடுதி, அவர்களுக்குச் சனிக்கிழமை ஸ்நானத்துக்கு எண்ணெய். கோயில் ஊழியர்களும் மாணாக்கர்களும் வியாதிப்பட்டால் கிடக்க "வீரசோழன்" என்ற பெயரால் ஓர் ஆதுலசாலை. அதில் 15 நோயாளிகளுக்கு இடம். நோயாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. பசியைப் பிணி என்றே சொல்லி, மணிமேகலை அட்சய பாத்திரத்தோடு அன்னமிட வந்ததாகக் காவியம் கூறும் ஊர் எங்கள் காஞ்சி. அதற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி மருந்துக்கு முன்னால் அரிசியைக் கணக்கிட்டதில் ஆச்சரியமில்லை. வருஷம் முழுவதற்கும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் ஜாபிதாவும் இருக்கிறது: தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம், பழைய நெய்யான புராண கிருதம் இப்படி. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் வைத்தியர். அவருக்குத் தினம் மூன்று குறுணி நெல். சல்லியக் கிரியை செய்கிறவருக்கு, அதாவது ரண வைத்தியருக்கு, ஒரு குறுணி. பச்சிலை பறித்து, விறகு கொண்டு வந்து, மருந்து காய்ச்சுகிறவர் இருவர். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டு வருகிறவர் ஒருவர். நோயாளிகளுக்கு வேண்டியதைச் செய்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவர். சாசனம் அவர்களை மருந்தடும் பெண்டுகள் என்கிறது. அவர்களுக்குத் தலைக்கு நான்கு நாழி நெல். இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய்.

மாணவிகளைக் கணக்குப் போடச் சொன்னேன். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். வருஷத்துக்கு 360 நாள். வைத்தியருக்கு 90 கலம் வந்தது; அதற்கு மேல் 8 காசு. பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலம், 1 காசு. கோர்வைக்காரர் மகள்தான் முதலில் தலையைத் தூக்கினாள். "டீச்சர், வைத்தியருக்கு வர நெல்லுல ஆறுல ஒரு பங்குதான் அந்தம்மாவுக்கு" என்றாள். ஆமாம், ஆறில் ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முன்பும் நம்மவர்கள் இந்த விஷயத்தில் இன்றுபோலவேதான் இருந்திருக்கிறார்கள்!

இருந்தாலும் அந்தச் சுவரின் முன் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தக் கணக்கில் பிரமாணம் எதுவும் இல்லை. கருணை வேண்டும், தியாகம் வேண்டும், சேவை மனப்பான்மை வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. இரவில் விளக்கு எரிய வேண்டுமானால் எண்ணெய் வேண்டும்; எண்ணெய்க்கு இவ்வளவு. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமானால் அந்த ஆள் சாப்பிட வேண்டும், அதற்கு இவ்வளவு. கருணையை மாணாக்கரிடம் கேட்பதற்கு முன் நெல்லை அளந்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய மேடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலூர்ப் பள்ளியின் கதையைச் சொன்னேன். மறு நாள் தாயாரை வரவழைத்து, சாசனத்தையும் வேலூரையும் சேர்த்து அவளுக்கும் சொன்னேன். சோழ ராஜா காலத்திலேயே கோயில் உத்தியோகம் என்று கேட்டதும் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் மனம் இளகிற்று என்று நினைக்கிறேன். உண்மையில் அவளை இளக்கியது நான் அல்ல, தகப்பனார். "எங்க அம்மாவுக்குத் துணி மாத்தினது டாக்டரா?" என்று ஒரு கேள்வி கேட்டாராம். அதோடு சரி.

அவள் நர்ஸிங் கலாசாலையில் சேர்ந்தாள். விளக்கேற்றும் வைபவத்துக்கு என்னையும் அழைத்தாள். வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று, கையில் விளக்கேந்தி, நைட்டிங்கேல் பெயரால் பிரதிக்ஞை சொன்னார்கள். அந்தப் பிரதிக்ஞை நைட்டிங்கேல் அம்மையார் எழுதியது அல்ல. 1893ல் அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்தில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி எழுதியது. ஆதியில் அதில் டாக்டருக்கு விசுவாசமாக உதவுவேன் என்ற வாக்கியமும் இருந்தது; பிறகு பல இடங்களில் அதை மாற்றிவிட்டார்கள். மாற்றியது நல்லதே. நர்ஸின் விசுவாசம் முதலில் கட்டிலில் கிடப்பவருக்கு உரியது.

விடுமுறையில் வரும்போதெல்லாம் என்ன கற்றாய் என்று கேட்பேன். பெரிய தத்துவம் ஒன்றும் சொல்ல மாட்டாள். கை கழுவுவதைத்தான் முதலில் கற்றுக் கொடுத்தார்கள் என்றாள். நோயாளியைக் கட்டில் நம்பரால் கூப்பிடாமல் பெயரால் கூப்பிட வேண்டும். மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரி பார்க்க வேண்டும்: ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, வழி சரியா, வேளை சரியா. இந்த ஐந்தும் பத்தாம் தடவை சலித்துப் போகும். சலித்துப் போகும் அந்தப் பத்தாம் தடவைதான் பரீட்சை என்று அவர்களுடைய ஆசிரியை சொன்னாராம்.

மூன்றாம் வருஷத்தில் ஒரு தடவை வந்தபோது அவள் முகம் சரியாயில்லை. பயிற்சிக்குப் போன ஓர் ஆஸ்பத்திரியில், இரவு வேலையில், கூடப் படிக்கும் தோழி ஒருத்தி ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்க மறந்துவிட்டாள். மறந்ததோடு நில்லாமல், கொடுத்ததாகக் குறிப்பில் எழுதியும் விட்டாள். இவள் அதைப் பார்த்துவிட்டாள். தோழியோ ஏழை வீட்டுப் பெண். கடன் வாங்கிப் படிக்கிறவள். விஷயம் வெளியே தெரிந்தால் படிப்புக்கே பங்கம் வரலாம் என்று நடுங்கினாள். நோயாளி தூங்கிக் கொண்டிருந்தார். குறிப்பில் மருந்து கொடுத்தாகிவிட்டது. உலகத்தில் அந்த இரண்டு பேரைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது.

நேயர்களே, சரகரும் ஹிப்போகிரேட்டஸும் ஜெனீவாக்காரர்களும் எழுதியதெல்லாம் அந்த நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவர்களில் ஒருவரும் வார்டில் இல்லை. இருபது வயதுப் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

இவள் தோழியிடம், "நீயே போய்ச் சொல். நான் கூட வருகிறேன். அரை மணிக்குள் நீ போகாவிட்டால் நான் போய்ச் சொல்வேன்" என்றாளாம். அரை மணி வரையில் தோழி அழுதாள், பிறகு போனாள். இரவு வேலையில் இருந்த மூத்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார், மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளிக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. தோழிக்குக் கடுமையான வசவு கிடைத்தது. ஒரு மாதம் இரவு வேலையில் தனியே விடவில்லை. படிப்புக்குப் பங்கம் வரவில்லை.

"நல்லதாய்ப் போயிற்றே, ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருக்கிறாய்?" என்றேன்.

"அன்னையிலேர்ந்து அவ என்கிட்ட பேசறதில்ல, டீச்சர்" என்றாள்.

இதற்கு நான் என்ன ஆறுதல் சொல்வது? ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணாக்கர்களுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று விரலை மடக்கி எண்ணுகிற நாம், நம் பங்கைப் பற்றிப் பேசுவதில்லை. 2020 ஏப்ரல் மாதம் சென்னையில் நரம்பு அறுவை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனா கண்டு காலமானார். அவர் உடலைப் புதைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. வண்டி ஓட்டியவர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் என்பவர் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் துணையோடு, தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். தன் உயிருக்கு ஆபத்து வந்தாலும் நோயாளியைக் கைவிடாதே என்பது வைத்தியனுக்கு விதி. வைத்தியனைக் கைவிடாதே என்று ஜனங்களுக்கு ஒரு விதியை இன்னும் எவரும் எழுதவில்லை.

சம்பள விஷயமும் அப்படியே. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகள் உச்ச நீதி மன்றம் வரையில் போக வேண்டியிருந்தது. அதன் பேரில் ஏற்பட்ட கமிட்டி, 50 படுக்கைகளுக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலுங்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 2016ல் சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசைப் பற்றிக் கேட்டால் எங்கள் பழைய மாணவிகள் சிரிக்கிறார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. பயிற்சி ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. அதைச் சொன்னால் சிரிப்பு இன்னும் பெரிதாகிறது.

அந்தப் பெண் இப்போது படிப்பை முடித்து வேலை பார்க்கிறாள். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தாள். தாயார் கூடவே வந்து, "ராத்திரி வேலை பண்ணிட்டுப் பகல்ல தூங்க மாட்டேங்கறா, டீச்சர், அப்பாவுக்குத் துணைன்னு தறியில உக்காந்துடறா" என்று புகார் சொன்னாள். பெண் என் மேஜையிலிருந்த திருமுக்கூடல் குறிப்பை எடுத்துப் புரட்டிக் கொண்டிருந்தாள். திடீரென்று, "டீச்சர், அந்தப் பதினைஞ்சு பேருக்கும் பெண்டுகள் ரெண்டு பேர்தானே?" என்றாள்.

"ஆமாம்."

காகிதத்தின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தாள். ஆளுக்கு ஏழரை வந்தது. ஏழரை என்றாலே எங்கள் ஊரில் சனீசுவரன் ஞாபகம்தான் வரும். தாயார் கன்னத்தில் போட்டுக் கொண்டாள்.

"கொடுத்து வெச்சவங்க, டீச்சர்" என்றாள் பெண். "எங்க வார்டுல நேத்து ராத்திரி எனக்கு முப்பத்திரண்டு."